குடும்பத்தோடு கடற்கரை ரிசார்ட், பக்கத்திலேயே ஸ்கூபா: நெல்லைக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் ஸ்கூபா, அதாவது காற்றுச் சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு கடலுக்குள் முங்குவது, செய்கிறவள் நான் ஒருத்திதான். ஒன்பது வருஷமாக, வருஷத்துக்கு ஒருமுறையாவது கணவர், இரண்டு பிள்ளைகள், அத்தை என்று வீட்டோடு கிளம்பிக் கடலுக்குப் போய்வருகிறோம். பள்ளி லீவு நெருங்கினால் மாவு மில்லிலும் கல்யாண வீட்டுப் பந்தியிலும் யாராவது ஒருவர் பிடித்து நிறுத்தி விசாரிப்பார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். அதனால் கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலையும் கீழே வைத்திருக்கிறேன்.

நம்ம பக்கமே அம்புட்டுக் கடல் கிடக்கே. உவரி, மணப்பாடு, தூத்துக்குடியை விட்டுட்டு எதுக்கு வெளியூர் போகணும்?

தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளித்த கதை நமக்கெல்லாம் தெரியும். சங்கு குளிக்கிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். அவர்கள் 'பார்' என்று சொல்கிற கடலடிப் பாறைத்திட்டுகளும், தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறைகளும் அங்கே உண்டு. ஆனால் தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையில் உள்ள 21 தீவுகளும் சுற்றியுள்ள கடலும் 1986 முதல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா. நினைத்த நேரத்தில் படகு பிடித்துப் போய் இறங்க முடியாது, இறங்கவும் கூடாது. ஒருகாலத்தில் சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டி வெட்டி எடுத்ததில் அந்த 21-இல் இரண்டு தீவுகள் தண்ணீருக்குள்ளேயே போய்விட்டன. மிச்சம் இருப்பதாவது பிழைக்கட்டும்.

உவரி, மணப்பாடு பக்கம் அலை வேகமும் மணல் கலங்கலும் அதிகம். மணப்பாட்டுக்கு அலைச்சறுக்கு விளையாடுகிறவர்கள் தேடி வருவது அந்த அலைக்காகத்தான். முங்கிப் பார்க்க நமக்கு வேண்டியது தெளிவு. பிள்ளைகளுக்குப் பவளப்பாறையை முதல்முறை காட்ட வேண்டும் என்றால் மட்டும், பாம்பன், மண்டபம் பக்கம் கண்ணாடி அடித்தளப் படகு ஓடும் நாளாகப் பார்த்துப் போய்வாருங்கள். ஒரு நாள் பயணம், நல்ல தொடக்கம்.

அப்போ எங்கெல்லாம் போகலாம்க்கா? சுருக்கமா சொல்லுங்க.

பக்கத்தில், கேரளாவில் கோவளம். நம் ஊரிலிருந்து ஏறக்குறைய 150 கிலோமீட்டர், காரிலேயே போய்விடலாம். அடுத்து அந்தமானில் ஹேவ்லாக், இப்போது அதன் பெயர் ஸ்வராஜ் தீவு. இலங்கையில் திருக்கோணமலைக்குப் பக்கத்தில் நிலாவெளி. பிறகு மாலத்தீவு. திருவனந்தபுரத்திலிருந்து விமானம் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் மாலே. லட்சத்தீவும் அருமையான கடல்தான், ஆனால் அனுமதிச் சீட்டு வாங்கி, கொச்சி வழியாகப் போக வேண்டும். கைக்குழந்தையோடு முதல் பயணம் என்றால் அதைப் பின்னுக்குத் தள்ளிவையுங்கள்.

கடல் தெளிவையும் மீனையும் மட்டும் பார்த்தால் கோவளம் இந்த வரிசையில் கடைசி. பாறையும் மீனும் இருக்கும், அந்தமான் அளவு தெளிவை எதிர்பார்க்க வேண்டாம். ஆனாலும் முதல்முறை சிலிண்டரின் மூச்சுக்குழாயைக் கடித்துப் பார்க்க, பிடிக்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ள, அது போதும். ஒரே முங்குக்காக விமானச் சீட்டு எடுத்துப் போய் "எனக்கு ஒத்துவரலை" என்று திரும்பியவர்கள் உண்டு.

எங்களுக்கு மே மாச லீவுலதான் கிளம்ப முடியும். எந்த இடம் தோதுப்படும்?

எல்லாரும் ரிசார்ட் படத்தைப் பார்த்துவிட்டுத் தேதியைக் கடைசியில் பார்க்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது காற்றை. உவரியில் எந்தக் கட்டுமரக்காரரிடம் கேட்டாலும் கச்சான் வீசும் மாதம் எது, வாடை வீசும் மாதம் எது என்று சொல்லுவார். தென்மேற்கிலிருந்து கச்சான் அடிக்கிற ஜூன் முதல் செப்டம்பர் வரை கோவளக் கடல் கொந்தளித்துக் கிடக்கும். அந்தமானிலும் மே பாதிக்கு மேல் மழைக்காலம் தொடங்கிவிடும். மாலத்தீவிலும் மே முதல் அக்டோபர் வரை மழையும் காற்றும் கலந்துதான் வரும்.

இதே சமயத்தில் இலங்கையின் கிழக்குக் கரை அமைதியாக இருக்கும். கச்சானை நடுவில் உள்ள மலை தடுத்துவிடுகிறது. திருக்கோணமலையில் ஏப்ரல் கடைசி முதல் செப்டம்பர் வரை நல்ல பருவம். ஆகவே மே மாதம் என்றால் என் பதில் நிலாவெளி. மதுரையிலிருந்தே கொழும்புக்கு விமானம் உண்டு. அங்கிருந்து சாலையில் ஆறு மணி நேரப் பயணம் இருக்கிறது. பிள்ளைகள் சிணுங்கத்தான் செய்வார்கள், நடுவில் ஒரு இரவு தங்கிப் போனால் நல்லது. இறங்கியதும் தமிழ் பேசலாம், கோணேஸ்வரம் கோயிலுக்குப் போகலாம், இடியாப்பமும் சொதியும் கிடைக்கும். அத்தையைக் கூட்டிப்போனதில் அவர் ஒரு குறையும் சொல்லாமல் திரும்பியது அந்த ஊர் ஒன்றிலிருந்துதான்.

அரையாண்டு லீவு என்றால் அந்தமான், மாலத்தீவு, கோவளம் மூன்றும் சரி. அந்தமானுக்கு டிசம்பர் தொடக்கத்தைவிடக் கடைசி வாரம் மேல், அதைவிடப் பிப்ரவரி, மார்ச் மேல். ஆனால் பள்ளி விடாதே! காலாண்டு லீவு இந்த விஷயத்துக்கு உதவாது. அந்த ஒரு வாரத்தைக் குற்றாலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

முதல்ல ரிசார்ட்டைப் பிடிக்கணுமா, டைவ் சென்டரைப் பிடிக்கணுமா?

இரண்டையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுங்கள். ஒரு நாளில் நீங்கள் தண்ணீருக்குள் இருப்பது அதிகம் போனால் இரண்டு மணி நேரம். படகில் போக, வர, உடை மாற்ற எல்லாம் சேர்த்து அரை நாள். மீதி நேரம் முழுக்க வீட்டாரோடு கரையில்தான். முங்குகிறவருக்காக ரிசார்ட்டைப் பிடித்தால் முங்காதவர்கள் மூன்றாம் நாளே "எப்போ ஊருக்குப் போறோம்" என்பார்கள். ஆகவே ரிசார்ட், வீட்டில் சின்னப் பிள்ளைக்கும் வயசானவருக்கும். டைவ் சென்டர், உங்களுக்கு. இரண்டுக்கும் நடுவில் ஆட்டோவில் பத்து, பதினைந்து நிமிஷம் இருந்தால் அது தூரமே இல்லை.

ரிசார்ட்டுக்குள்ளேயே சென்டர் இருந்தால் வசதிதான். முதல் பாடத்தை அங்கேயே நீச்சல் குளத்தில் வைப்பார்கள், பிள்ளைகளும் வேடிக்கை பார்க்கலாம். ஆனால் அந்த ஒரு வசதிக்காக, கரை சரியில்லாத இடத்தை எடுக்காதீர்கள். கரையைப் பற்றி அடுத்த பதிலில் சொல்கிறேன்.

'பீச் ஃப்ரண்ட்'னு போட்டிருக்கான், ரூம்லருந்து கடல் தெரியுது. அப்புறம் என்ன யோசனை?

நம் கரையில் கடல் ஏறி வற்றுவதை யாரும் பெரிதாகக் கவனிப்பதில்லை. ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் ஒரு மீட்டர்கூட இராது. அதனால் கடல் என்றால் எந்நேரமும் அதே இடத்தில் இருக்கும் என்று நினைத்துவிடுகிறோம். அந்தமானில் அது இரண்டு மீட்டரைத் தொடும். கரை தட்டையாக இருக்கும் இடத்தில் இரண்டு மீட்டர் இறங்கினால் தண்ணீர் எங்கேயோ போய்விடும்.

எங்களுக்கு அது நடந்தது. ஹேவ்லாக்கில் நாங்கள் பிடித்த ரிசார்ட்டின் படத்தில், தென்னை மரத்தடியில் இருந்து நாலு எட்டில் பச்சைத் தண்ணீர். நாங்கள் போய் இறங்கியது காலை பத்து மணிக்கு. சின்னவன் நீச்சல் உடையோடு ஓடினான். தென்னை இருந்தது, படகு இருந்தது, படகு சேற்றில் சாய்ந்து கிடந்தது. அதற்கு அப்பால் பாசி படிந்த பாறையும், குட்டை குட்டையாகத் தேங்கிய தண்ணீரும், வெகு தூரத்தில் ஒரு வெள்ளைக் கோடாக அலையும். அவன் கால் பாறையில் கீறி, பிளாஸ்டர் ஒட்டியதுதான் அந்தப் பயணத்தின் முதல் வேலை. படம் பொய்யில்லை, மாலை நாலு மணிக்கு அப்படித்தான் இருந்தது. எடுத்த நேரத்தைச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

பதிவு செய்யும் முன் போனில் மூன்று கேள்வி கேளுங்கள். கடல் வற்றும்போது ரிசார்ட் முன்னால் குளிக்க முடியுமா? அடியில் மணலா, பாறையா? இடுப்பளவு தண்ணீருக்கு எத்தனை எட்டு நடக்க வேண்டும்? அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் அதிகமாக ஏறும், அதிகமாக வற்றும். வற்றும் நேரம் ஒவ்வொரு நாளும் சுமார் ஐம்பது நிமிஷம் தள்ளிப் போகும். நீங்கள் தங்கும் தேதிக்கான நேரத்தை அவர்களிடமே கேட்டு வாங்கலாம். 'கடல் பார்த்த அறை' என்பது வேறு, 'கடற்கரை அறை' என்பது வேறு என்பதையும் கவனியுங்கள். முதலாவதில் கடல் தெரியும், போய்ச் சேர நடுவில் ரோடு இருக்கலாம்.

ஹேவ்லாக்ல எந்தப் பக்கம் தங்கணும்? ஆளுக்கொண்ணு சொல்றாங்க.

இரண்டு பேர் சொல்வதும் சரியாக இருக்கும். டைவ் சென்டர்கள் பெரும்பாலும் கிழக்குப் பக்கம், விஜயநகர், கோவிந்தநகர் கரையில். மேலே சொன்ன வற்றும் கரை அந்தப் பக்கம்தான். நீந்த, அலையில் விளையாட நல்ல மணல் கரை மேற்கே ராதாநகர். இரண்டுக்கும் நடுவில் பத்து, பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும்.

பெரிய பிள்ளைகளும், இரண்டு பேருக்கு மேல் முங்குகிறவர்களும் என்றால் கிழக்கே தங்கி மாலையில் ராதாநகர் போய்வாருங்கள். சின்னப் பிள்ளையும் ஒருவர் மட்டும் முங்குவதும் என்றால் ராதாநகரில் தங்கி, அந்த ஒருவர் காலையில் கிழக்கே போய்வரட்டும். எங்கே தங்கினாலும் உயிர்காப்பாளர் நிற்கும் பகுதியில் மட்டும், வெளிச்சம் இருக்கும்போது மட்டும் இறங்குங்கள். 2010-இல் ராதாநகர் பக்கத்தில் முதலை தாக்கி ஒரு சுற்றுலாப் பயணி இறந்திருக்கிறார். அதற்காகப் பயந்து போகாமல் இருக்க வேண்டாம், ஓடையும் அலையாத்திக் காடும் கடலைச் சேரும் இடத்தில் பிள்ளைகளை விடாமல் இருந்தால் போதும்.

அந்தமானுக்கு எத்தனை நாள் ஒதுக்கணும்? நாலு நாள்ல முடிச்சிரலாம்னு டிராவல்ஸ்காரர் சொல்லுதாரு.

நாலு நாள் போதாது. நெல்லை எக்ஸ்பிரஸில் காலையில் தாம்பரத்தில் இறங்கி விமான நிலையம் போய், சென்னையிலிருந்து இரண்டேகால் மணி நேரம் பறந்தால் போர்ட் பிளேர். இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர். மதியத்துக்கு மேல் போய்ச் சேர்ந்தால் அன்றைக்கு ஹேவ்லாக் கப்பல் கிடைக்காது, ஒரு இரவு அங்கேயே. மறுநாள் கப்பல் இரண்டு மணி நேரம். திரும்பும்போதும் இதே கணக்கு. ஆக, போக வரவே மூன்று நாள் ஓடிவிடும். கடலுக்கு மூன்று நாள் வேண்டும், கடைசி நாள் முங்கவே கூடாது. ஏன் என்று கீழே வரும். ஏழு நாள் இருந்தால் நிம்மதி. அவ்வளவு லீவு கிடைக்காதவர்களுக்குக் கோவளமோ மாலத்தீவோதான்.

எனக்கு நீச்சலே தெரியாது. என்னையும் இறக்குவாங்களா?

இறக்குவார்கள். முதல்முறை செய்வதற்கு 'முயற்சி டைவ்' என்று சொல்லலாம். பயிற்றுநர் ஒருவர் உங்களைப் பிடித்துக்கொண்டே கூட வருவார், அதிகபட்சம் 12 மீட்டர் ஆழம். கடலோரம் இடுப்பளவு தண்ணீரில் மூச்சுவிடப் பழக்கிய பிறகுதான் கூட்டிப்போவார்கள். நம் நாட்டில் இதற்கு நீச்சல் தெரிந்திருக்க வேண்டும் என்று பெரும்பாலான இடங்களில் கேட்பதில்லை.

சான்றிதழ் வாங்கி, பயிற்றுநர் இல்லாமல் ஜோடி சேர்ந்து முங்க வேண்டுமானால் 'ஓப்பன் வாட்டர்' படிப்பு. மூன்று, நாலு நாள். அதற்கு 200 மீட்டர் நிற்காமல் நீந்தவும், பத்து நிமிஷம் பிடிமானம் இல்லாமல் மிதக்கவும் தெரிய வேண்டும். முடித்தால் 18 மீட்டர் வரை போகலாம்.

ஆத்துல நல்லா முங்கு நீச்சல் அடிப்பேன். குறுக்குத்துறையில வளர்ந்த ஆளு. அது உதவுமா?

தண்ணீர் பயம் இல்லாதது பெரிய சொத்து. ஆனால் ஆற்றில் பழகிய ஒரு பழக்கத்தை விட்டாக வேண்டும். தாமிரபரணியில் முங்கும்போது மூச்சைப் பிடிப்போம். ஸ்கூபாவில் மூச்சைப் பிடிக்கவே கூடாது, அதுதான் முதல் விதி. பத்து மீட்டர் ஆழத்தில் நுரையீரலுக்குள் போன காற்று மேலே வரும்போது இரண்டு மடங்காக விரியும். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறினால் அந்தக் காற்று நுரையீரலைக் கிழித்துவிடும். ஆகவே பயந்தாலும் மூச்சு, சந்தோஷப்பட்டாலும் மூச்சு. மெதுவாக, தொடர்ந்து.

கீழ இருக்கும்போது ஆக்சிஜன் சிலிண்டர் தீர்ந்துட்டா?

அதில் இருப்பது ஆக்சிஜன் இல்லை. நாம் இப்போது இழுக்கிற இதே காற்றை வடிகட்டி, சுமார் 200 'பார்' (இங்கே இது அழுத்தத்தை அளக்கும் அலகு) அழுத்தத்தில் அடைத்திருப்பார்கள். எவ்வளவு மிச்சம் என்று காட்ட ஒரு மானி தொங்கும். 50 பார் மிச்சம் இருக்கும்போதே மேலே வந்துவிட வேண்டும் என்பது பொதுவான வழக்கம். பயிற்றுநரிடம் கூடுதலாக ஒரு மூச்சுக்குழாய் இருக்கும், பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில். உங்களுடையதில் கோளாறு என்றால் அதைக் கடித்துக்கொள்ளலாம். இறங்கும் முன் "அந்த மஞ்சளை எனக்குக் காட்டுங்க" என்று கேளுங்கள். கையால் தொட்டுப் பார்த்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

தனி ஆக்சிஜன் படகில் இருக்க வேண்டும், அவசர சிகிச்சைக்காக. டைவ் சென்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகளில் அதுவும் ஒன்று.

சென்டர் நல்லதா இல்லையான்னு போன்லயே எப்படிக் கண்டுபிடிக்கது?

ஒரு பயிற்றுநர் ஒரே நேரத்தில் எத்தனை பேரைக் கூட்டிப்போவார் என்று கேளுங்கள். முதல்முறைக்காரருக்கு ஒருவருக்கு ஒருவர் என்பதே என் விருப்பம். 'பாடி' (PADI) அல்லது 'எஸ்எஸ்ஐ' (SSI) போன்ற ஸ்கூபா பயிற்சி அமைப்பில் பதிவு உண்டா, படகில் ஆக்சிஜனும் முதலுதவியும் உண்டா, கடல் சரியில்லை என்றால் பணம் திரும்ப வருமா என்று கேளுங்கள். உடல்நலப் படிவத்தை முன்கூட்டியே அனுப்பச் சொல்லுங்கள். அனுப்புகிறவர்கள் ஒழுங்கானவர்கள். "அதெல்லாம் வேண்டாம் மேடம், வந்து ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்" என்றால் அந்த இடம் வேண்டாம்.

விலையில், உபகரணம், படகு, வரி, போட்டோ எல்லாம் அடக்கமா என்று பிரித்துக் கேளுங்கள். கேட்காமல் போனால் போட்டோவுக்குத் தனியாக வாங்குவார்கள்.

சுகர் மாத்திரை போடுதேன், வீட்டுக்காரருக்கு வீசிங் உண்டு. படிவத்துல 'இல்லை'ன்னு போட்டுரலாமா?

போடாதீர்கள். இதில் நான் கண்டிப்பாகவே சொல்வேன். ஆஸ்துமா, வலிப்பு, இதய நோய், சமீபத்திய அறுவை சிகிச்சை, மாத்திரையோ இன்சுலினோ போடும் சர்க்கரை நோய் இதில் எது இருந்தாலும் மருத்துவர் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் யோசிக்க வேண்டும். கர்ப்பமாக இருக்கிறவர்கள் முங்கவே கூடாது. ஊரிலேயே உங்கள் மருத்துவரிடம் படிவத்தைக் காட்டிவிட்டுப் போங்கள். வீசிங் உள்ளவருக்கு ஆழத்தில் மூச்சுக்குழல் சுருங்கினால் என்ன ஆகும் என்பதை, முந்தைய ஒரு பதிலில் சொன்ன காற்று விரியும் கணக்கோடு சேர்த்துப் பாருங்கள்.

அவர் வரவே கூடாது என்று அர்த்தம் இல்லை. கண்ணையும் மூக்கையும் மூடும் கண்ணாடி மாட்டி மேலேயே மிதந்து பார்க்கிற ஸ்நோர்க்கலிங் இருக்கிறது. மிதவை உடை போட்டுக்கொண்டு, கூட ஒருவர் இருக்க, அதற்கு மருத்துவர் சரி என்றால் போதும்.

காது வலிக்கும்கிறாங்களே, உண்மையா?

கவனிக்காவிட்டால் வலிக்கும். முதல் ஐந்து மீட்டரில்தான் அழுத்தம் சட்டென்று மாறும். மூக்கை விரலால் பிடித்து, வாயை மூடி, லேசாகக் காற்றை மூக்குக்குள் தள்ளினால் காதில் 'டப்' என்று திறக்கும். கூந்தங்குளம் பஸ் போல மெதுவாக, ஒவ்வொரு அரை மீட்டருக்கும் ஒருமுறை. வலி வந்த பிறகு தள்ளக் கூடாது, கொஞ்சம் மேலே ஏறி மறுபடி முயல வேண்டும்.

சளி இருந்தால் இறங்காதீர்கள். ஒருமுறை எனக்கு லேசான ஜலதோஷம், பணம் கட்டியாயிற்றே என்று மருந்து போட்டுக்கொண்டு இறங்கினேன். நாலு மீட்டரில் நெற்றிக்குள் ஊசி குத்துவதுபோல இருந்தது, அதையும் மீறிப் போனேன். மேலே வந்து கண்ணாடியைக் கழற்றியபோது உள்ளே இளஞ்சிவப்பாகத் தண்ணீர், மூக்கிலிருந்து வந்த ரத்தம். மீதி மூன்று நாளும் கரையில்தான் உட்கார்ந்திருந்தேன்.

பையனுக்கு ஒன்பது வயசு. ஒரே பிடிவாதம் பிடிக்கான்.

கடலில் முங்கப் பத்து வயது முடிய வேண்டும். எட்டு வயதிலிருந்து நீச்சல் குளத்தில் இரண்டு மீட்டர் ஆழத்துக்குள் பழகிப் பார்க்கும் ஏற்பாடு பல சென்டர்களில் உண்டு. ஆகவே ரிசார்ட்டின் குளம் எவ்வளவு ஆழம் என்று கேட்க உங்களுக்குக் கூடுதல் காரணம் இருக்கிறது. பத்து, பதினொரு வயதில் சான்றிதழே வாங்கலாம், ஆனால் 12 மீட்டர்தான் எல்லை, சான்றிதழ் பெற்ற பெற்றோரோ பயிற்றுநரோ கூடவே இருக்க வேண்டும்.

பத்து வயது ஆகிவிட்டது என்பதற்காகத் தள்ளிவிடாதீர்கள். பிள்ளை தானாகக் கேட்க வேண்டும். உங்கள் மகன் பிடிவாதம் பிடிப்பது நல்லதுதான், ஒரு வருஷம் பொறுக்கட்டும். நிலாவெளிக்கு எதிரே படகில் கொஞ்ச தூரத்தில் புறாத்தீவு இருக்கிறது. ஸ்நோர்க்கல் மாட்டி மேலேயிருந்து பார்த்தாலே கருமுனைச் சுறாக் குட்டிகள் தெரியும். பவளத்தின் மேல் கால் வைக்கக் கூடாது என்பதை மட்டும் இறங்கும் முன்பே சொல்லிக்கொடுங்கள்.

நானும் மதினியும் சேர்ந்து முங்கணும்னு ஆசை. பிள்ளைகளை யாரு பாப்பா?

ஒரே படகில் இருவரும் போனால் கரையில் பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும். அத்தையை மட்டும் நம்பிப் போகாதீர்கள், அவரும் விடுமுறைக்குத்தான் வந்திருக்கிறார். நாங்கள் ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றிப் போவோம். கணவருக்கு முங்குவதில் ஆர்வம் இல்லாததால் எனக்கு எளிது. பல சென்டர்களில் காலை ஏழு மணிப் படகு ஒன்றும் மதியப் படகு ஒன்றும் இருக்கும், அப்படியும் பிரித்துக்கொள்ளலாம். குழந்தைக் காப்பாளர் வசதி பெரிய ரிசார்ட்டுகளில் உண்டு. ஆனால் அவர் பிள்ளையைத் தண்ணீருக்குக் கூட்டிப்போகக் கூடாது என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

ஆச்சிக்கு முட்டு வலி. கூட்டிப் போகலாமா?

தாராளமாக. தரைத்தள அறை, மேற்கத்தியக் கழிப்பறை, சாப்பாட்டுக் கூடம் பக்கத்தில். இந்த மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். கோவளத்தில் பல விடுதிகள் குன்றின் மேல் இருக்கின்றன, கடலுக்கு இறங்க ஐம்பது, அறுபது படி என்றால் ஆச்சி அறையிலேயே இருந்துவிடுவார். சாயங்காலம் நிழலில் நாற்காலி போட்டுக் கடல் பார்க்க இடம் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

மாலத்தீவு ரிசார்ட் கட்டுப்படி ஆகுமா? பாத்தாலே தலை சுத்துது.

தனித் தீவு ரிசார்ட் விலை அதிகம்தான். அறை வாடகையை மட்டும் பார்க்காதீர்கள், மாலேயிலிருந்து தீவுக்குப் போகும் செலவு தலைக்கு இவ்வளவு என்று தனியாக வரும். கடல் விமானம் என்றால் வேகப்படகைவிட அதிகம், பகலில் மட்டும்தான் பறக்கும். மாலையில் வந்து இறங்கினால் மாலேயில் ஒரு இரவு தங்க வேண்டியிருக்கும். நாலு பேர் குடும்பத்துக்கு இந்தச் செலவே பெரிய தொகை.

உள்ளூர் மக்கள் வாழும் தீவுகளில் விருந்தினர் இல்லங்கள் இருக்கின்றன, மாஃபுஷி மாதிரி. செலவு வெகுவாகக் குறையும், டைவ் சென்டரும் உண்டு. சுற்றுலாப் பயணிகளுக்கென்று ஒதுக்கிய கரையைத் தவிர மற்ற கரைகளில் உடம்பை மூடிய உடை வேண்டும், நமக்கு அதில் சிரமம் இல்லை. தனித் தீவில் ஒரு பெரிய லாபம், கரையிலிருந்தே நீந்திப்போகும் தூரத்தில் பவளப்பாறை இருக்கும். முங்காதவர்களும் தினமும் மீன் பார்க்கலாம். எல்லாத் தீவுக்கும் அது இருக்காது, கேட்டுத்தான் பிடிக்க வேண்டும். சாப்பாட்டில் சூரை மீன்தான் எங்கும். நாம் வாங்கும் மாசிக்கருவாட்டின் சொந்த ஊர் அது. சைவம் என்றால் முன்பே சொல்லிவிடுங்கள்.

பொம்பளைங்க என்ன உடுத்தணும்?

முழுக்கால், முழுக்கை வைத்து உடம்போடு ஒட்டிய ரப்பர் உடையை ('வெட் சூட்') சென்டரே தரும். உள்ளே லெக்கின்ஸும் ஒட்டிய டீசர்ட்டும் போதும். துப்பட்டா, தொங்கும் சங்கிலி, தோடு வேண்டாம். தாலியை உடைக்குள் பத்திரமாக வைத்துக்கொள்ளலாம்.

கடைசி நாள் காலையில முங்கிட்டு ராத்திரி ஃப்ளைட் ஏறலாம்ல?

கூடாது. ஆழத்தில் அழுத்தத்தால் ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் வெளியேற நேரம் வேண்டும். அதற்குள் உயரத்துக்குப் போனால், சோடா மூடியைத் திறந்ததுபோல உடம்புக்குள் குமிழி வரும். ஒரே ஒரு முங்கு என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல முங்குகள் என்றால் 18 மணி நேரம் கழித்தே பறக்க வேண்டும். நான் முழுதாக 24 மணி நேரம் விடுவேன். அந்த நாளைக் கரையில் பிள்ளைகளோடு செலவழிக்க வைத்துக்கொள்ளுங்கள்.

விமானத்துக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள், மலைக்கும் இதே கணக்கு. கோவளத்தில் காலையில் முங்கிவிட்டு மதியம் பொன்முடிக்குக் கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள். பொன்முடி ஆயிரம் மீட்டருக்கும் மேல். மூணாறு, கொடைக்கானல் இன்னும் உயரம். மலையை முதலில் பார்த்துவிட்டுக் கடலுக்கு வாருங்கள். ஆரல்வாய்மொழி வழியாக ஊர் திரும்ப யோசிக்க வேண்டியதில்லை, அந்தக் கணவாய் தாழ்வானது.

எல்லாம் கட்டியாச்சு, அங்க போய் நின்னதும் பயம் வந்துட்டா? பணம் போயிருமே.

போகட்டும். எந்த நிமிஷத்திலும், காரணம் சொல்லாமல், கட்டைவிரலை மேலே காட்டினால் மேலே கூட்டிவர வேண்டியது பயிற்றுநரின் வேலை. கடல் கலங்கியிருக்கிறது, மனசு சரியில்லை, காலையிலிருந்து வயிறு ஒருமாதிரி இருக்கிறது என்றால் படகிலேயே உட்காருங்கள். பயத்தோடு இறங்கினால் மூச்சு வேகமாகும், காற்று சீக்கிரம் தீரும், காதும் திறக்காது.

என் மகளுக்குப் பத்து வயது முடிந்த வருஷம் ஹேவ்லாக்கில் இடுப்பளவு தண்ணீரில் பாடம் நடந்தது. மூச்சுக்குழாயை வாயில் வைத்தாள், தலையைத் தண்ணீருக்குள் வைத்தாள், எழுந்தாள். "வேண்டாம்மா" என்றாள். பயிற்றுநர் சிலிண்டரைக் கழற்றிவிட்டார். அவள் நேரே போய் ஆச்சி பக்கத்தில் மணலில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் மதியம் வரை மணல் நண்டு பொந்து தோண்டுவதைப் பார்த்துக்கொண்டு, ரிசார்ட்டில் வாங்கிய இளநீரைக் குடித்துக்கொண்டு இருந்தார்கள். இரண்டு வருஷம் கழித்து நிலாவெளியில், யாரும் கேட்காமலே, "நாளைக்கு எனக்கும் ஒரு சிலிண்டர் சொல்லும்மா" என்றாள்.